மனவுறுதி ஏறிய மலை அல்ல எவரெஸ்ட்

1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் பெண் ஜப்பானின் ஜுன்கோ தபெய். அவரைப் பற்றி மேடைகளிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் பள்ளி விழாக்களிலும் சொல்லப்படுவது ஒரே கதைதான். சிறுவயதில் நோஞ்சான் பெண். வளர்ந்த பிறகும் ஐந்தடி எட்டாத உடம்பு. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. சாதாரண இல்லத்தரசி. மலையில் பனிச்சரிவு அவரை மூடிப் புதைத்தது, எழுந்தார், பன்னிரண்டாம் நாள் உலகின் உச்சியில் நின்றார். கதை முடிந்ததும் நீதி வரும்: மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. இந்தக் கதையில் வரும் தகவல்கள் பெரும்பாலும் சரியானவைதாம். அவற்றைக் கோத்திருக்கும் சரடுதான் பொய். மனவுறுதி என்ற ஒற்றைச் சரடில் அவர் வாழ்க்கையைக் கோக்கும்போது, அவர் கற்ற தொழில் நழுவிவிடுகிறது, கூட ஏறிய பெண்கள் நழுவிவிடுகிறார்கள், சுமை தூக்கிய ஷெர்பாக்கள் நழுவிவிடுகிறார்கள், பணம் தர மறுத்தவர்களும் நழுவிவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு அதிசயப் பெண். தபெய் அதிசயப் பெண்ணாக இருந்ததில்லை. ஒரு மலையேற்ற அணியை உருவாக்கத் தெரிந்தவராக இருந்தார் என்பதே அவருடைய சாதனையின் பெரும்பகுதி. அதைச் சொல்லாத புகழுரை எதுவும் அவருக்கு நியாயம் செய்யவில்லை.

முதலில் ‘இல்லத்தரசி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். புகுஷிமா மாநிலத்தின் மிஹாரு ஊரில் 1939இல் பிறந்த தபெய், பத்து வயதில் பள்ளி ஆசிரியர் அழைத்துப்போன நாசு மலையில்தான் முதன்முதலாக ஏறினார். வசதி இல்லாத குடும்பம் என்பதால் பள்ளிக் காலத்தில் அதற்குமேல் அதிகம் ஏற முடியவில்லை. டோக்கியோவில் ஷோவா மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்து, 1962இல் மலையேற்றச் சங்கங்களில் சேர்ந்தார். அவை ஆண்களின் சங்கங்கள். சிலர் அவரோடு ஒரே கயிற்றில் ஏற மறுத்தார்கள். கணவன் தேடி வந்திருக்கிறாள் என்று சிலர் பேசினார்கள். மற்ற சிலர் கற்றுக்கொடுத்தார்கள். தனிகாவா மலையின் செங்குத்துப் பாறைகளில் அவர் பழகினார். அந்த மலை 2,000 மீட்டரைக்கூட எட்டாத உயரம் கொண்டதுதான். ஆனால் 1930களிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்திருக்கிறது; உலகிலேயே ஒரு மலையில் அவ்வளவு பேர் இறந்ததில்லை என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தொழில் கற்றவர் அவர். மசனொபு தபெய் என்ற மலையேறியைச் சந்தித்து மணந்ததும் அந்த மலையின் வழியாகத்தான். ஒரு பக்கம் இயற்பியல் கழக இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சம்பளத்துக்கு வேலை, மறுபக்கம் விடுமுறை தோறும் பாறையும் பனியும். எவரெஸ்டில் ஏறியபோது இந்தப் பயிற்சிக்குப் பதின்மூன்று வயது. பதின்மூன்று ஆண்டு குருவிடம் பயின்று கச்சேரி செய்யும் பெண்ணை ‘பாடவும் தெரிந்த இல்லத்தரசி’ என்று அறிமுகப்படுத்தினால் நாம் முகம் சுளிப்போம். மலையேற்றம் என்றதும் அந்தச் சுளிப்பு நமக்கு வருவதில்லை. மலை ஏறுவதற்குக் கால்களும் மனமும் போதும், அது ஒரு தொழில் அல்ல என்ற அறியாமைதான் அதற்குக் காரணம்.

1969இல் அவரும் தோழிகளும் மகளிருக்கென ஒரு மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெண்கள் தாங்களாகவே வெளிநாட்டு மலைக்குப் போவோம் என்பதுதான் அதன் முழக்கம். மறு ஆண்டே அன்னபூர்ணா 3 என்ற 7,555 மீட்டர் சிகரத்துக்குப் புறப்பட்டார்கள். அந்தச் சிகரத்தை முதலில் ஏறியது 1961இல் மோகன் சிங் கோலி தலைமையில் போன இந்திய அணி. ஜப்பானியப் பெண்கள் அந்தப் பாதையைப் பின்பற்றவில்லை. தென்புறமாகப் புதிய பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970 மே 19 அன்று தபெயும் ஹிரோகோ ஹிரகாவாவும் இரண்டு ஷெர்பாக்களும் உச்சியை அடைந்தார்கள். அந்தச் சிகரத்தில் பெண்கள் ஏறியது அதுவே முதல்முறை, ஜப்பானியர் ஏறியதும் முதல்முறை. மேடைக் கதையில் இந்தப் பயணத்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. எனக்கோ இதுதான் எவரெஸ்டைத் திறந்த சாவி என்று தோன்றுகிறது. உச்சிக்கு யார் போவது, யார் கீழே நிற்பது என்ற கேள்வி அணிக்குள் மனக்கசப்பை உண்டாக்கியதைத் தபெய் பின்னாளில் மறைக்கவில்லை. வலியையும் இயலாமையையும் வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்வது நல்ல பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் 6,000 மீட்டர் உயரத்தில் உயிருக்கே உலை வைக்கும். தலை வலிக்கிறது, என்னால் இன்று ஏற முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல அவர்கள் கற்க வேண்டியிருந்தது. மனவுறுதியைப் போற்றும் கதைக்குள் இந்தப் பாடம் அடங்காது. அந்தக் கதையில் முடியாது என்று சொல்பவள் தோற்றவள். மலையிலோ, அதைச் சரியான நேரத்தில் சொன்னவள்தான் அணியைக் காப்பாற்றுகிறாள்.

அடுத்து பணம். நேபாள அரசு அந்தக் காலத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு அணியைத்தான் எவரெஸ்டில் ஏறவிட்டது. மகளிர் சங்கம் விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. அந்த ஆண்டுகளில் அவர்கள் ஏறி இறங்கியவை பெரும்பாலும் அலுவலகப் படிகள். நிறுவனம் நிறுவனமாகப் போய் நிதி கேட்டார்கள். பெண்கள் வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்க வேண்டும் என்ற பதில் கிடைத்தது. கடைசி நேரத்தில்தான் யொமியூரி நாளிதழும் நிப்பான் தொலைக்காட்சியும் கைகொடுத்தன. அப்படியும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்தைத் தம் பங்காகப் போட வேண்டியிருந்தது. தபெய் பியானோ சொல்லிக்கொடுத்துச் சேர்த்தார். கார் இருக்கை உறைகளை வெட்டி நீர் புகாத கையுறைகள் தைத்தார்கள். சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கித் தூக்கப்பைகளைத் தாங்களே தைத்தார்கள். அணியிலிருந்த ஆசிரியைகளுக்கு மாணவர்கள் தாங்கள் தின்னாமல் மிச்சம் வைத்த ஜாம் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேச்சாளர்கள் இவற்றையும் மனவுறுதியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். பாருங்கள், எந்தத் தடையும் அவரைத் தடுக்கவில்லை என்கிறார்கள். தடை என்பது பனியைப் போல இயற்கையாக வந்து விழுந்ததா? பெயரும் முகவரியும் கையெழுத்திடும் அதிகாரமும் உள்ள மனிதர்கள் வைத்த தடை அது. அதைத் தாண்டிய பெண்ணை மட்டும் பாடிவிட்டு, வைத்தவர்களைப் பற்றிப் பேசாமல் விடும் கதை அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. கையுறைக்குக் கார் உறையைத் தேட வேண்டிய நிலை ஒரு பெருமை அல்ல. அது அந்தச் சமூகத்தின் மேல் உள்ள குற்றச்சாட்டு.

மலையில் நடந்ததைப் பார்த்தால் ஒற்றைப் பெண் கதை இன்னும் தெளிவாக உடைகிறது. அணியில் பதினைந்து பெண்கள். தலைவர் எய்கோ ஹிசானோ. இந்தப் பெயரைத் தமிழில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? மே 4 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில், சுமார் 6,300 மீட்டர் உயரத்தில் இருந்த இரண்டாம் முகாமின் மேல் பனிச்சரிவு இறங்கியது. கூடாரத்தோடு புதைந்த தபெய் ஏறக்குறைய ஆறு நிமிடம் நினைவிழந்து கிடந்தார். அவர் ‘எழுந்தார்’ என்று கதை சொல்கிறது. அவர் எழவில்லை; ஷெர்பாக்கள் பனியைத் தோண்டி, காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இரண்டு நாள் அவரால் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. யாரும் சாகவில்லை என்பதற்கும் அந்தத் தோண்டிய கைகளே காரணம். பிறகு இன்னொரு நெருக்கடி வந்தது. இரண்டு பெண்கள் உச்சிக்குப் போவதாகத் திட்டம். ஷெர்பாக்கள் பலருக்கு உயர நோய் கண்டதால், இருவருக்கும் போதுமான ஆக்ஸிஜன் சிலிண்டர்களை மேலே கொண்டுசேர்க்க முடியவில்லை. ஒருவர்தான் போக முடியும். அது தபெய் என்று முடிவு செய்தவர் ஹிசானோ. அந்த முடிவு வேறு விதமாக இருந்திருந்தால் வரலாற்றில் வேறு பெயர் இருந்திருக்கும், உழைப்பு அதேதான். ஊர் கூடி இழுத்த தேரில் எல்லோர் கண்ணும் உற்சவரின் மேல் இருப்பது இயல்பு. வடம் பிடித்தவர்கள் இல்லாமல் தேர் தானாக நகர்ந்தது என்று சொன்னால் அதைப் பக்தி என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

இன்னொரு செய்தி. தபெய்க்கு ஓராண்டு முன்பே, 1974 மே 4 அன்று, நவோகோ நகசேகோ, மசாகோ உச்சிதா, மியேகோ மோரி என்ற மூன்று ஜப்பானியப் பெண்கள் 8,163 மீட்டர் உயர மனாஸ்லுவின் உச்சியை அடைந்திருந்தார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தில் பெண்கள் நின்றது அதுவே முதல்முறை. அதே பயணத்தில் அவர்களுடைய தோழி ஒருவர் உயிரிழந்தார். ஆக, எவரெஸ்டில் 1975இல் நடந்தது வானத்திலிருந்து விழுந்த அற்புதம் அல்ல. ஜப்பானில் ஒரு தலைமுறைப் பெண்கள் சங்கம் சங்கமாகத் திரண்டு, ஒருவர் அனுபவத்தை மற்றவர் பயன்படுத்தி, உயரத்தை ஆயிரம் ஆயிரம் மீட்டராகக் கூட்டிக்கொண்டே போனார்கள். எல்லையின் மறுபக்கத்திலும் இதே கதைதான். தபெய்க்குப் பதினொரு நாள் கழித்து, மே 27 அன்று, திபெத் பக்கமிருந்து சீன அணியோடு ஏறிய பந்தோக் எவரெஸ்டின் இரண்டாவது பெண் ஆனார். அவர் மூன்று குழந்தைகளின் தாய். அணியின் துணைத் தலைவர். 1959இல் முஸ்தாக் அத்தா சிகரத்தை ஏறிய எட்டுப் பெண்களில் ஒருவர், அதாவது பதினாறு ஆண்டுப் பழக்கம் உள்ளவர். அரசு நடத்திய அணி அது, சங்கம் நடத்திய அணி இது. இரண்டுக்கும் பொதுவானது நீண்ட பயிற்சியும் பின்னால் நின்ற அமைப்பும். மனவுறுதி உள்ள பெண்கள் 1975க்கு முன்னால் உலகில் பிறக்கவே இல்லையா என்ன? அமைப்பு கிடைத்ததும் பதினொரு நாள் இடைவெளியில் இருவர் இரு பக்கமிருந்து உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. திறமையும் நுட்பமும் மட்டும் ஒருவரை உச்சிக்குக் கொண்டுபோகாது, மனவுறுதிதான் முக்கியம், அது பணம் கொடுத்து வாங்க முடியாதது என்ற பொருளில் தபெயே பேசியிருக்கிறார். அவரே சொன்ன பிறகு அதை மறுக்க நீ யார் என்று கேட்கலாம். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து ‘மட்டும்’ என்ற சொல்லைக் களவாடியவர்களை மறுக்கிறேன். நுட்பம் மட்டும் போதாது என்று சொல்லும் உரிமை நுட்பம் கைவந்தவருக்கு உண்டு. சமையலில் கைப்பக்குவம்தான் முக்கியம் என்று நாற்பது ஆண்டு அடுப்படியில் நின்றவர் சொன்னால், அரிசியும் நெருப்பும் வேண்டாம் என்று பொருளாகாது. அவருக்கு அவை இருந்தே தீரும் அடிப்படை. சொல்ல வேண்டிய தேவையில்லை. கேட்பவர்களுக்கு அது இல்லை என்பதை மறந்து அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பரிமாறுவதுதான் பிழை. தவிரவும், அவருடைய மனவுறுதி எங்கே வெளிப்பட்டது என்று பாருங்கள். பனிச்சரிவுக்குப் பிறகு திரும்புவதில்லை என்று நின்ற பிடிவாதத்தில் அது இருந்தது, உண்மை. அதைவிட நீண்ட காலம் அது விண்ணப்பங்களிலும் கணக்கு நோட்டிலும் தையல் ஊசியிலும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உச்சியைக் கனவு காண்பதை அவர் மனவுறுதி என்று சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு கேள்வி வருகிறது. ஷெர்பாக்கள் தோண்டினார்கள், சுமந்தார்கள், கடைசி நாளில் ஆங் செரிங் கூடவே ஏறினார். அப்படியானால் இதில் அந்தப் பெண்ணின் சாதனை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 1953இல் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் உச்சியை அடைந்த பிரிட்டிஷ் பயணத்தில் 350க்கும் மேற்பட்ட சுமைகூலிகள் பொதி தூக்கினார்கள். அதனால் ஹிலாரி ஏறவில்லை என்று எந்த நூலும் எழுதவில்லை. ஆண் உதவி பெற்றால் அது படையெடுப்பு, பெண் உதவி பெற்றால் அது சுமந்து செல்லப்பட்டது என்ற அளவுகோலை நாம் ஏற்க முடியாது. மேலும், துணை இருந்ததால் தொழில் தேவையில்லாமல் போய்விடவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே கத்தி முனை போன்ற ஒரு பனி விளிம்பு அவர்களை மறித்தது. ஒரு பக்கம் சறுக்கினால் சீனா, மறுபக்கம் சறுக்கினால் நேபாளம், இரண்டும் அதலபாதாளம். மேலுடலைச் சீனப் பக்கமும் கால்களை நேபாளப் பக்கமும் வைத்து, பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து அவர் அதைக் கடந்தார். முன்பு ஏறியவர்களின் குறிப்புகள் எதிலும் இந்த விளிம்பைப் பற்றிச் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம் வந்ததாகப் பின்னர் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பயணக் குறிப்புகளை வரி வரியாகப் படித்துவிட்டு மலைக்குப் போன ஒருவருக்குத்தான் அது வரும். ஆங் செரிங்கின் பங்கைச் சொல்வது தபெயின் பங்கைக் குறைப்பதில்லை. இருவரையும் ஒரே கயிற்றில் வைத்துப் பார்ப்பதுதான் மலையேற்றத்தைப் புரிந்துகொள்வது.

சரி, கதை கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும், நம் ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு ஊக்கம் கிடைக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள்தாம் அதிகம். அவர்களிடம் எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்கும் சிறுமியின் இடத்திலிருந்து யோசித்துப் பார்க்கச் சொல்வேன். மனம் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்த பிறகு, அவள் ஓட்டப்பந்தயத்திலோ படிப்பிலோ வேலையிலோ ஒரு மதிலில் முட்டி நிற்கும்போது என்ன நினைப்பாள்? மதிலைக் கட்டியவர் யார் என்று கேட்கமாட்டாள். தன் மனத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்வாள். அவள் வீட்டாரும் பள்ளியும் அப்படியே சொல்வார்கள். மைதானம் இல்லை, பயிற்சியாளர் இல்லை, மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே விடமாட்டார்கள். ஆனால் ஜுன்கோ தபெயைப் பார் என்பார்கள். ஊக்கம் என்ற பெயரில் அவள் தலையில் ஏற்றப்படும் பழி இது. உண்மைக் கதை அவளுக்கு வேறொன்றைத் தரும். உன்னைப் போன்ற நான்கு பேரைச் சேர், ஒரு சங்கம் வை, சின்ன மலையில் தொடங்கு, தெரிந்தவரிடம் கற்றுக்கொள், கணக்கு எழுது, முடியாதபோது முடியாது என்று சொல், மறுப்பவர்களின் கதவை மறுபடியும் தட்டு. இவை ஒவ்வொன்றும் பின்பற்றக்கூடியவை. அற்புதத்தைப் பின்பற்ற முடியாது, வணங்க மட்டுமே முடியும். குழந்தையை விட்டுவிட்டுப் போனாரே என்ற குசுகுசுப்புக்கும் இந்தக் கதையில்தான் பதில் இருக்கிறது. அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. தானும் மலையேறியான மசனொபு வீட்டில் இருந்து மகளைப் பார்த்துக்கொண்டார். அவரும் அந்த அணியின் ஆள்தான்.

தபெய் தம் சாதனையை எப்படிப் பார்த்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று. எவரெஸ்டில் ஏறிய முதல் பெண் என்பதைவிட முப்பத்தாறாவது ஆள் என்று அழைக்கப்படவே விரும்பினார். 1992இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் எட்டிய முதல் பெண் ஆனார். அறுபது வயதுக்கு மேல் கியூஷு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்து, எவரெஸ்டில் ஏறும் கூட்டம் அங்கே விட்டுச்செல்லும் குப்பையால் மலை எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்தார். மலை என்பது தனி ஆளின் வெற்றிக்கம்பம் என்று நினைத்தவர் செய்யும் வேலையா இது? 2011 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அவர் பிறந்த புகுஷிமாவையும் சுற்றுப்பகுதிகளையும் சிதைத்த பிறகு, அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆண்டுதோறும் ஃபுஜி மலைக்கு அழைத்துப்போகத் தொடங்கினார். அப்போது அவருக்குப் புற்றுநோய். 2016 ஜூலையில், இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, கடைசியாக அவர்களோடு ஏறினார். ஏறக்குறைய 3,000 மீட்டரில் நின்றுகொண்டு மாணவர்களை மேலே அனுப்பினார். அவர்கள் உச்சிக்குப் போனார்கள். அவர் மறைவுக்குப் பின் அந்த ஏற்றத்தை அவர் மகன் ஷின்யா தொடர்ந்து நடத்திவருகிறார்.